முதுகில் ஊசி போட்ட தாய்க்கு ஐந்தாம் நாள் போன் செய்வது எப்படி

“தலைவலி இருக்காம்மா?” என்று போனில் கேட்டால் எங்கள் கடற்கரைத் தாய்மார்கள் “அதெல்லாம் இல்ல டாக்டரம்மா, நல்லாருக்கேன்” என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததே பெரிது, அதில் போய்க் குறை சொல்வதா என்ற கூச்சம். “பிள்ளைக்கு உக்காந்து பால் குடுக்குறீங்களா, படுத்துக்கிட்டா?” என்று கேட்டுப் பாருங்கள். “எங்கிட்டு உக்கார? உக்காந்தா மண்டை பிளக்குது, படுத்துக்கிட்டுத்தான் குடுக்குறேன்” என்று அதே தாய் சொல்வார். இந்த ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் ஆனது. அதை முதலிலேயே உங்கள் கையில் கொடுத்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

நான் மயக்க மருத்துவர். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை. தியேட்டர் ஒன்று, ஐசியு படுக்கை நாலு. ஆய்வு என்பது மதுரை, சென்னை மருத்துவக் கல்லூரிகளில் நடப்பது, நமக்கு எதற்கு என்று நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தீசிஸ் எழுதும் பி.ஜி. மாணவர்களுக்கும் ஆகும். சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்ட பிறகு எத்தனை பேருக்குத் தலைவலி வருகிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதைச் சரியாகச் செய்யப் பழகியவருக்கு அடுத்த கேள்வி தானாக வசப்படும்.

கேள்வி எங்கிருந்து வர வேண்டும்

தண்டுவடத்தைச் சுற்றி ஒரு சவ்வுப் பை, அதற்குள் நீர். நம் ஊசி அந்தப் பையைத் துளைத்து மருந்தை உள்ளே விடுகிறது. ஊசியை எடுத்த பிறகும் துளை வழியே நீர் கசிந்தால், எழுந்து உட்காரும்போது மூளையைத் தாங்கும் நீர் போதாமல் தலை வலிக்கிறது. படுத்தால் விடுகிறது. 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் இந்த மயக்க முறையைத் தொடங்கியபோது தன் முதுகிலேயே அதைச் சோதித்துப் பார்த்து, ஒன்பது நாள் இந்தத் தலைவலியோடு கிடந்தார். முறை பிறந்த வருடமே அதன் பக்கவிளைவும் பதிவாகிவிட்டது.

ஊசியின் முனை இதில் பெரிய விஷயம். சவ்வை வெட்டிக்கொண்டு போகும் குவின்கே முனை ஒன்று. இழைகளை விலக்கிக்கொண்டு போகும் பென்சில் முனை இன்னொன்று. 110 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் லான்செட் இதழில் வந்த அலசலில், வெட்டும் முனைக்கு 11 சதவீதம் பேருக்குத் தலைவலி, மற்றதற்கு 4.2 சதவீதம். ஆகவே “எந்த ஊசி நல்லது” என்று, யாருக்கு எந்த ஊசி எனக் குலுக்கல் போட்டு இன்னொரு ஆய்வு செய்ய வேண்டாம். தீசிஸ் தலைப்பு கிடைக்கவில்லை என்பதற்காக, பதில் தெரிந்த கேள்விக்கு ஒரு தாயின் முதுகைத் துளைப்பது நியாயம் இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நமக்குத் தெரியாதது வேறு. நம் மருத்துவமனையில், நம் கையில், எத்தனை பேருக்கு வருகிறது? வார்டில் இருக்கும்போது வந்தவர்களைப் பார்த்துவிடுகிறோம். வீட்டுக்குப் போன பிறகு வந்தவர்கள் எத்தனை பேர்? பென்சில் முனை ஊசி விலை கூடுதல் என்பதால் சின்ன இடங்களில் வாங்கத் தயங்குவார்கள். நிர்வாகத்தின் முன் லான்செட் கட்டுரையை வைப்பதைவிட, நம் ஊர்த் தாய்மாரின் கணக்கை வைத்தால் காரியம் நடக்கும். உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மறுநாள் மருத்துவமனையில் ஏதாவது மாறுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் மாறாது என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு, விகிதத்தைக் கண்டறியும் ஆய்வுகளில் வழக்கமாகப் போடும் கணக்கு ஒன்று உண்டு. 10 சதவீதம் பேருக்கு வரும் என்று எதிர்பார்க்கிறோம், 5 சதவீதம் அப்படி இப்படி இருக்கலாம் என்று வைத்தால், 4-ஐ 10-ஆலும் 90-ஆலும் பெருக்கி, 5-இன் வர்க்கமான 25-ஆல் வகுக்க வேண்டும். 144 வரும். பத்தில் ஒருவர் கைவிட்டுப் போவார் என்று கணக்கில் சேர்த்தால் 160. எங்களைப் போன்ற இடத்துக்கு ஒரு வருட வேலை. 100 பேரைப் பார்த்து ஒருவருக்கும் தலைவலி இல்லை என்று யாராவது மார்தட்டினால், 3-ஐ 100-ஆல் வகுத்துக் காட்டுங்கள். உண்மையான விகிதம் 3 சதவீதம் வரை இருக்க அங்கே இன்னும் இடம் உண்டு.

அனுமதி, கையெழுத்து

ஆய்வில் சேர்கிறவர்களுக்கு அநியாயம் நடக்காமல் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பெயரைக்கூட எழுதாதீர்கள். சின்ன மருத்துவமனையில் குழு இருக்காது. ஒப்பந்தம் செய்துகொண்டு வேறு நிறுவனத்தின் குழுவை அணுக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி இடம் தருகிறது. குழுவில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவத்துக்குச் சம்பந்தம் இல்லாத பொதுமனிதர் ஒருவரும் கட்டாயம். அந்தப் பொதுமனிதர் கேட்கும் கேள்விக்குத்தான் நான் அதிகம் தயாராகிப் போவேன். “போன் பண்ணி வலிக்குதுன்னு சொன்னா, நீங்க என்ன செய்வீங்க?” என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் இல்லாத ஆய்வுத் திட்டத்தை எடுத்துக்கொண்டு போகவே கூடாது.

சிகிச்சை எதையும் மாற்றாமல் பார்த்து எண்ணுவது மட்டும்தான் நம் வேலை என்றாலும், நம் நாட்டு மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்துவிடுங்கள். கட்டணம் இல்லை. குலுக்கல் ஆய்வு என்றால் பேச்சே இல்லை, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிய பதிவு மட்டும்தான் அங்கே ஏற்கப்படுகிறது.

வலி எடுத்து வந்த பெண்ணிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். அதைச் சம்மதம் என்று நான் எண்ண மாட்டேன். எட்டாம், ஒன்பதாம் மாதச் செக்கப்புக்கு வரும்போதே பேசிவிடுங்கள். கூட மாமியார் இருப்பார், சில நேரம் கணவர். நாம் கேட்பதற்கெல்லாம் அவர்களே பதில் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கண் அந்தப் பெண்ணின் முகத்தில் இருக்கட்டும். கையெழுத்து அவருடையது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைரேகை. நம் குழுவில் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் முழுவதும் கேட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் சொல்வது இப்படி: “முதுகுல ஊசி போட்டா சிலருக்குத் தலைவலி வரும் தாயி. யாருக்கு வருது, எத்தனை பேருக்கு வருதுன்னு நாங்க கணக்கு எடுக்குறோம். உங்களுக்குன்னு வேற ஊசி, வேற மருந்து கிடையாது. வீட்டுக்குப் போன பிறகு அஞ்சாம் நாளும் பதினாலாம் நாளும் போன் வரும். வேண்டாம்னாலும் ஒண்ணும் இல்ல, வைத்தியம் இதேதான்.” பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். “எனக்குத் தலைவலி வராம இருக்க ஊசி போடப்போறீங்க” என்று ஒரு தங்கை சொன்னார். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

போன் யாரிடம் இருக்கிறது

நான் பி.ஜி. படித்த காலத்தில் இதே மாதிரி ஒரு ஆய்வு. மூன்றாம் நாள் போன் செய்ய வேண்டும். பலர் எடுக்கவில்லை. மூத்தவர் ஒருவர், “எடுக்கலைன்னா நல்லாருக்காங்கன்னு அர்த்தம், இல்லைன்னு போட்டுரு” என்றார். போட்டேன். ஒன்றரை மாதம் கழித்து, குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசினேன். அவருக்கு மயக்கம் கொடுத்ததும் நான்தான். “ஒரு வாரம் எந்திரிக்க ஏலல டாக்டரம்மா. பிள்ளையப் பெத்தவளுக்குக் கண்ணு பட்டுருச்சுன்னு மாமியா சுத்திப் போட்டாக. வெளிச்சம் ஆகல, இருட்டு ரூமுக்குள்ளயே கெடந்தேன்” என்றார். ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டேன். “செல்லு அவுககிட்டல்ல. அவுக கடலுக்குப் போயிட்டாக.”

என் படிவத்தில் அவர் பெயருக்கு நேரே “இல்லை” என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்தப் படிவம் இன்னும் என்னிடம் உண்டு.

ஆகவே சம்மதம் வாங்கும் அன்றே மூன்று எண் வாங்குங்கள். கணவர் எண்ணை மூன்றாவதாக எழுதுங்கள். விசைப்படகில் போனவர் மறுநாள் காலைதான் கரைக்கு வருவார். அதுவரை சிக்னல் இருக்காது. தனுஷ்கோடிப் பக்கம் போனாலே நம் போனில் இலங்கை நெட்வொர்க் வந்து நிற்கிற கடல் இது. முதல் எண், பிள்ளை பெற்றவள் எந்த வீட்டில் இருக்கப்போகிறாரோ அந்த வீட்டில் பகலிலும் இருக்கிற ஒருவருடையது. தாய்வீடா, மாமியார் வீடா என்று கேட்டால்தான் அது தெரியும். கீழக்கரைப் பக்கம் பல குடும்பங்களில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பதால், அவருடைய உம்மாவின் எண் போதும். இரண்டாவது, பக்கத்து வீடு அல்லது தெருமுனைக் கடை. அந்த எண்ணுக்கு அழைக்கலாமா என்று அந்தப் பெண்ணிடமே அனுமதி வாங்குங்கள். கடைக்காரரிடம் “ஆஸ்பத்திரியிலேருந்து, அவங்களப் பேசச் சொல்லுங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், போன் உடனே எடுக்கப்படும். அந்த இரண்டு மாதத்தில் மட்டும் ஆய்வை முடித்துவிட ஆசை வரும். வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கும் காலமும், தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்க வேண்டிய காலமும் ஒன்றல்ல. வருடம் முழுக்க எடுங்கள்.

என்ன கேட்பது

போன் செய்கிறவர் ஊசி போட்ட மருத்துவராக இருக்கக்கூடாது. எந்த முனை ஊசி என்பதும் அவருக்குத் தெரியக்கூடாது. எங்கள் இடத்தில் ஒரு நர்ஸ் தங்கைதான் செய்தார். தொண்டியில் பிறந்தவர், அவர் பேசினால் தாய்மார்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். நான் போன் செய்தால் எல்லோரும் நலமாகிவிடுவார்கள்.

கேள்விகளைத் தாளில் பேச்சுத் தமிழிலேயே எழுதி, எல்லோரிடமும் அதே வரிசையில், அதே சொற்களில் கேட்க வேண்டும். முதலில் தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று பொதுவாக. அடுத்து அந்தப் பால் கொடுக்கும் கேள்வி. பிறகு, எழுந்து உட்கார்ந்தால் தலை எப்படி இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் வலி ஏறுகிறது, படுத்தால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது. காதில் இரைச்சல், கழுத்து இழுத்துப் பிடிப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது. வலிக்கு என்ன செய்தார்கள். “தலைவலி” என்ற ஒரு சொல்லை நம்பி இருக்காதீர்கள். தலை கனம், பின்மண்டை இழுக்குது, மண்டை இடி, கிறுகிறுப்பு என்று வேறு வேறு சொல்லில் அதே வலி வரும். ஆய்வைத் தொடங்கும் முன் பத்துத் தாய்மாரிடம் இந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு எல்லாத் தலைவலியும் ஊசியால் வருவதில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை. வழக்கமாகக் குடிக்கும் காபி டீயைப் பத்தியம் என்று நிறுத்தியிருப்பார்கள், அதுவே தலையை வலிக்கச் செய்யும். பிரசவத்துக்குப் பிறகும் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். மூளையின் சிரைக் குழாயில் இரத்தம் உறையலாம். ஆகவே போன் செய்கிறவரின் மேசையில் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும்: படுத்தாலும் விடாத தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, காய்ச்சலோடு கழுத்துப் பிடிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் கேள்வித் தாளை ஓரமாக வைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். ஊசித் தலைவலிதான், ஆனால் எழவே முடியவில்லை என்றால் வரவழைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரையில் அடங்காதவருக்கு, அவருடைய இரத்தத்தையே சுமார் 20 மில்லி எடுத்து, முதுகில் அந்தச் சவ்வுப் பைக்கு வெளியே செலுத்தும் சிகிச்சை உண்டு. போக வரச் செலவை ஆய்வு ஏற்க வேண்டும். அந்தப் பொதுமனிதர் கேட்ட கேள்விக்கு நாம் எழுதிக் கொடுக்கும் பதில் இதுதான்.

எடுக்காத போன்

மூன்று எண், மூன்று நாள், ஒவ்வொரு நாளும் வேறு நேரம். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், தொழுகை நேரம். அதற்கும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர். தாய் சேய் வீட்டுக்கு எப்படியும் போகிறவர் அவர். இதையும் சம்மதப் படிவத்தில் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் முடிந்தும் தெரியவில்லை என்றால், “தெரியவில்லை” என்றே எழுதுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேர். 80 பேர் போனை எடுத்தார்கள், அதில் 4 பேருக்குத் தலைவலி. 20 பேர் கிடைக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் “இல்லை” போட்டால் 4 சதவீதம், நல்ல பெயர். கிடைத்தவர்களை மட்டும் எண்ணினால் 5 சதவீதம். கிடைக்காத 20 பேரும் அந்தப் பெண்ணைப் போல இருட்டு அறையில் படுத்திருந்தால் 24. உண்மை 4-க்கும் 24-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இதை அப்படியே எழுதுகிறவர்தான் என் கண்ணில் ஆய்வாளர்.

ஐசியுவில் இது இன்னும் கூர்மையாகும். நோயாளியின் இரத்தச் சர்க்கரையை இன்சுலினால் ஏறவிடாமல் இறுக்கிப் பிடித்தால் உயிர் பிழைப்பது கூடும் என்று 2001-ல் பெல்ஜியத்தில் ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு சொன்னது. உலகமே பின்பற்றியது. 2009-ல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு 6,104 பேரைச் சேர்த்து, 90-ஆம் நாள் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தது. இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், 180 வரை விட்டவர்களில் 24.9 சதவீதம். வித்தியாசம் 2.6. தொண்ணூறாம் நாள் கணக்கில் நூற்றுக்கு ஐந்து பேர் காணாமல் போயிருந்தால் அந்த 2.6 தேறுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டையும் தேடிப் பிடித்தவர்களால்தான் இன்று எங்கள் ஐசியுவில் சர்க்கரையை 180 ஒட்டி வைக்கிறோம்.

ஐசியுவில் சம்மதமும் வேறு மாதிரி. தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்து, இமை தொங்கி, மூச்சு நின்று, வென்டிலேட்டரில் வைத்திருக்கிறோம். அவரால் கண்ணைத் திறக்க முடியாது, ஆனால் காது கேட்கும். மனைவியிடம் சம்மதம் வாங்குவோம். ஆய்வு பற்றிய பேச்சை அவர் காதருகேயும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். குணமாகி எழுந்து உட்கார்ந்த பிறகு அவரிடமே மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றோடு அவரைத் தொடர்வதை நிறுத்துங்கள். அதுவரை எடுத்த குறிப்புகளை என்ன செய்வது என்பது முன்பே படிவத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் துறைக்கு இதில் அழியாத கறை ஒன்று உண்டு. மயக்கத்துக்குப் பிந்தைய வாந்தியைப் பற்றி எழுதிக் குவித்த ஜப்பானிய மயக்க மருத்துவர் ஒருவரின் 172 கட்டுரைகளில் இருந்தவை புனைந்த தகவல்கள் என்று 2012-ல் அந்நாட்டு மயக்கவியல் சங்கத்தின் விசாரணை கண்டறிந்தது. எண்கள் நம்ப முடியாத அளவுக்குச் சீராக இருந்ததே காட்டிக்கொடுத்தது. பல வருடம் அவற்றை நம்பி உலகெங்கும் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். உங்கள் காகிதத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் வெட்கப்படாதீர்கள். தவறை ஒரு கோடு போட்டு அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். எக்செலில் ஏற்றிய பிறகும் காகிதத்தைப் பூட்டி வையுங்கள். உப்புக் காற்றில் இரும்பு அலமாரி சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவிடுங்கள்.

முடிவு வந்ததும் கட்டுரைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் இப்போது பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்திருக்கிறோம்: “உட்கார்ந்தால் தலை வலித்து, படுத்தால் விட்டால், முதுகில் போட்ட ஊசியால் இருக்கலாம். கண்ணேறு என்று இருந்துவிடாதீர்கள். இரவானாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.” சீட்டைக் கையில் கொடுக்கும்போது நர்ஸ் அதை மாமியாரிடம் படித்துக் காட்டுவார்.